வெள்ளைச் செருப்புப்பூ

மே மாதத்தில் ஆர்டெல் லூண்டேயின் கீழ்ப்புல்வெளியில் யாரும் இறங்க மாட்டார்கள். பனி உருகிய தண்ணீர் ஜூன் பாதிவரை அங்கே வடியாமல் நிற்கும். காலைத் தூக்கினால் பூட்ஸ் சேற்றிலேயே தங்கிவிடும். ஆர்டெலின் தாத்தா நார்வேயிலிருந்து வந்து, சுற்றியிருந்த சமவெளி முழுவதையும் உழுது கறுப்பாக்கியவர். இந்தப் பள்ளத்தில் மட்டும் கலப்பை புதைகிறது என்று விட்டுவிட்டார். ஜூலைக் கடைசியில் மண் இறுகியதும் ஒரே ஒரு புல்லறுப்பு. அந்தப் புல்லை நம்பித்தான் லூண்டே வீட்டு மாடுகள் பனிக்காலத்தைத் தாண்டும். மற்றபடி அங்கே என்ன முளைக்கிறது, என்ன பூக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. மே மாதத்தில் எல்லோருக்கும் மக்காச்சோளம் விதைக்கிற அவசரம்.

நான் ஹாம்ரே பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஓட்டினேன். எங்கள் வீடு லூண்டே வீட்டுக்கு எதிரே, கப்பி ரோட்டுக்கு இந்தப் பக்கம். என் சமையலறை ஜன்னலில் நின்றால் அவர்கள் தொழுவமும், அதற்குப் பின்னால் சரிந்து இறங்குகிற புல்வெளியில் ஒரு துண்டும் தெரியும். ஆர்டெலின் மனைவி லவோனும் நானும் தினம் ஒருவர் வீட்டிலாவது காப்பி குடிக்காமல் இருந்ததில்லை.

அவர்களுக்கு ஒரே பெண், ஜானெல். பதினாறு வயது. காலையில் பால் கறந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தொழுவ வாசனை தலைமுடியை விட்டுப் போகாது. பின்சீட்டுப் பையன்களுக்கு அது போதும்.

"ஜானெல், இன்னிக்கு எந்த மாடு முத்தம் குடுத்துச்சு?" என்பான் கோரி. "பேர் சொல்லு, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அவள் என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே ரோட்டோரப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வருவாள். பஸ் ஓடுகிற வேகத்தில் எனக்குப் பச்சையாக மட்டும் தெரிகிறதை அவள் தனித்தனியாகப் பார்த்தாள். "அது காட்டுப் பட்டாணி, டெலோரஸ். அங்க பாருங்க, பால்செடி முளைச்சிருச்சு," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுவாள். தாவரங்கள் மேல் அவளுக்கு அந்த வருஷம் பைத்தியமே பிடித்திருந்தது. உயிரியல் வாத்தியார் குவாம் மூட்டிவிட்டது அது.

வகுப்பைப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போய், உழப்படாத நிலத்தில் என்னென்ன செடி இருக்கிறது என்று அடையாளம் காணச் செய்ய வேண்டும் என்பது குவாமுக்கு ஆசை. அந்தப் பக்கத்தில் உழப்படாத நிலத்துக்கு எங்கே போவது? ஜானெல்தான் தன் வீட்டில் கேட்டாள். அன்று நானும் என் வீட்டுக்காரன் கிளிஃபர்டும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ்.

"புல்லைப் பாக்க பஸ்ஸா?" என்றான் ஆர்டெல். "எங்க காலத்துல புல்லை விட்டு ஓடத்தான் பஸ் ஏறினோம்."

"செடிங்களோட பேர் கண்டுபிடிக்கணும்ப்பா. எல்லாருக்கும் மார்க் உண்டு."

"என் புல்லுக்குப் பேர் மாட்டுத்தீனி. எழுதிக்கோ, மார்க் போடுவாரு."

லவோன் கரண்டியால் அவன் கையில் தட்டினாள். "பொண்ணு எப்பவாவது ஏதாவது கேக்குதா உங்ககிட்ட?"

"வரட்டும்னு சொல்லு. பூட்ஸ் போட்டுட்டு வரச் சொல்லு. எவனாவது புதைஞ்சா நான் டிராக்டர் கொண்டுவர மாட்டேன்."

அப்படிச் சொன்னவன், பிள்ளைகள் வந்த அன்றைக்கு விதைப்பையே நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து நின்றான். சுத்தமான சட்டை வேறு. எங்கே கால் வைத்தால் புதையாது என்று பிள்ளைகளுக்கு முன்னால் நடந்து காட்டினான். லவோன் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட இனிப்புத் துண்டுகளைத் தட்டோடு கொண்டுவந்து என் பஸ்ஸின் முன்பக்கத்தில் வைத்தாள். காற்று அடித்தது, கொசு அதற்குமேல். பெண்பிள்ளைகள் உண்ணி ஏறிவிட்டதென்று கத்தினார்கள். கோரி கையில் அகப்பட்டதை எல்லாம் காட்டி "சார், இது களையா சார்? இது களையா சார்?" என்று கேட்டு குவாமின் பிராணனை எடுத்தான்.

கொஞ்சம் தள்ளி, தனியாகப் போயிருந்த ஜானெல் கூப்பிட்டாள். "சார், இங்க ஒண்ணு இருக்கு. புத்தகத்துல பாத்த மாதிரி இருக்கு. ஆனா இங்க இருக்காதே."

குவாம் போய்ப் பார்த்தார். அப்படியே திரும்பி, "யாரும் காலை எடுக்காதீங்க! நின்ன இடத்துல நில்லுங்க!" என்று கத்தினார்.

பாதிப் பேர் ஒற்றைக் காலில் நின்றார்கள். கோரி கொக்கு மாதிரி ஆடிக்கொண்டு, "சார், கண்ணிவெடியா?" என்றான்.

நானும் போய்ப் பார்த்தேன். ஒரு சாண் உயரம்கூட இல்லை. பூவின் அடிப்பக்கம் சிட்டுக்குருவி முட்டை அளவில் ஒரு வெள்ளைச் செருப்பு, மெழுகில் செய்த மாதிரி. அதன் மேல் பச்சையும் பழுப்புமாக முறுக்கின இதழ். ஒன்றைப் பார்த்த பிறகு கண் பழகி, புல்லுக்குள் அங்கே, இங்கே, எங்கள் காலடியில் எல்லாம் தெரிய ஆரம்பித்தது.

"செருப்புப்பூ நம்ம மாநிலப் பூதானே சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது வேற ஜாதி. ரோஜா நிறம், பெருசு, காட்டுச் சதுப்புல வரும். இது சின்ன வெள்ளை. நல்ல புல்வெளியில மட்டும்தான் இருக்கும். நான் இந்த ஊருக்கு வந்ததுலேருந்து தேடறேன், ஜானெல். ஒண்ணுகூடப் பாத்ததில்ல." அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. கோரிகூட அவளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

ஆர்டெல் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றான். "பொறந்ததுலேருந்து இந்த நிலத்துல நடக்கறேன். இது என் கண்ணுல படவே இல்லையே," என்றான். பிறகு பெண்ணைப் பார்த்து, "உனக்கு யாரு கண்ணு? எங்கம்மா கண்ணு," என்றான். ஜானெலின் முகம் காது வரைக்கும் சிவந்தது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் இதைப் படிக்கிற ஒரு அம்மாளை அடுத்த வாரம் கூட்டிவந்து காட்டலாமா என்று குவாம் கேட்டார். "தாராளமா," என்றான் ஆர்டெல்.

ஊர் வாரப் பத்திரிகையில் ஜானெலின் படம் வந்தது. அதை வெட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தானியக் கிடங்குக்குப் போனதும் ஆர்டெல்தான். விதை வாங்க, வம்பு பேச, காப்பி குடிக்க எல்லா ஆண்களும் காலையில் கூடுகிற இடம் அது. எல்லோருக்கும் காட்டினான். நன்றாக இருந்தது, அங்கே வம்புக்கு முதல் ஆளான மைரன் பேசுகிற வரைக்கும். கிளிஃபர்ட் அங்கேதான் இருந்தான். வந்து சொன்னான்.

மைரன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பொண்ணு அழகா விழுந்திருக்கு. உன் நிலந்தான் போச்சு," என்றானாம்.

"ஏன்யா போகுது?"

"அபூர்வச் செடின்னு போட்டிருக்கான்ல? அரசாங்கம் வரும். வேலி போடும். மாடு விடாதே, புல் அறுக்காதேம்பான். வரி மட்டும் நீ கட்டணும். என் மச்சானுக்குத் தெற்க இதேதான் நடந்துச்சு, ஒரு வாத்துக்காக. சொந்தக் குட்டையைத் தூர்க்க விடல."

"இது வாத்து இல்லையே."

"வாத்தாவது பறந்து போயிரும், ஆர்டெல். பூ எங்க போகும்?"

எல்லோரும் சிரித்தார்களாம். ஆர்டெலும் சிரித்தானாம். ஆனால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று லவோன் சொன்னாள். நான் அவர்கள் சமையலறையில் இருந்தபோதே ஒரு நாள் பேச்சு வந்தது.

"அந்தப் புல் இல்லன்னா மாட்டை வித்துடணும்," என்றான் ஜன்னலைப் பார்த்தபடி.

"யார் சொன்னா புல் இல்லன்னு? மைரன் சொன்னானா? அவன் மச்சான் போன வருஷம் மழை பெய்யாததுக்கும் அரசாங்கந்தான் காரணம்னவன்," என்றாள் லவோன். "குவாமுக்கு ஒரு போன் போடுங்க. இப்படியாமேன்னு கேளுங்க. முடிஞ்சுது."

"என் நிலத்துல நான் என்ன செய்யலாம்னு ஊர் வாத்தியார்கிட்ட அனுமதி கேக்கணுமா?"

"அனுமதி இல்ல. விவரம்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ ஜானெலையாவது கேளுங்க. அது படிச்சிருக்கும்."

"அவகிட்ட எதுவும் சொல்லாதே," என்றான். "டெலோரஸ், நீயும்தான்."

நாங்கள் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தோம். அவனுக்கு வருகிற கவலை எல்லாம் மழை மாதிரி, பெய்துவிட்டுப் போய்விடும் என்பது லவோனின் அனுபவம்.

அந்தப் பல்கலைக்கழக அம்மாள் வருவதற்கு முந்தின நாள். அந்த வருஷத்துக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டிருந்தது. புல்கட்டு கட்டுகிற கயிறு வாங்கிவரச் சொல்லி ஜானெலை டவுனுக்கு அனுப்பினான் ஆர்டெல். லவோன் சர்ச் அடித்தளத்தில் ஒரு சாவுக்கு வந்தவர்களுக்குச் சமைக்கப் போயிருந்தாள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். டிராக்டர் சத்தம் வரக்கூடாத திசையிலிருந்து வந்தது. தொழுவத்துக்குப் பின்னால், பச்சைக்கு நடுவில் ஒரு கறுப்புக்கோடு விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமானது.

கிளிஃபர்டைக் கூப்பிட்டேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சத்தம் மாறிவிட்டது. சக்கரம் சும்மா சுழன்று சேற்றை வாரி அடிக்கிற இரைச்சல். கலப்பை அச்சுவரை இறங்கிவிட்டது. ஆர்டெல் முன்னாலும் பின்னாலும் ஆட்டிப் பார்த்தான். ஆட்ட ஆட்டப் புதைந்தது. கடைசியில் இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் மேல் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான். புரண்ட மண் ஈரமாகப் பளபளத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்ற இடம் முழுவதும் புரண்டிருந்தது.

"சங்கிலி எடுத்துட்டு வரேன்," என்றான் கிளிஃபர்ட். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆண்கள் அப்படித்தான்.

"அவ வர்றதுக்குள்ள வெளிய எடுத்துரணும்," என்றான் ஆர்டெல்.

எடுக்க முடியவில்லை. சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஜானெல் வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். வேலியோரம் வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடந்தாள். உழுத மண்ணின் விளிம்பில் நின்றாள்.

"யாராவது செய்யச் சொன்னாங்களாப்பா?"

"யாரும் சொல்லல."

"அப்போ நீங்களா."

"உனக்குப் புரியாதும்மா. பூ இருந்தா அவங்க வருவாங்க. நிலத்தை எடுத்துட்டாங்கன்னா நம்ம மாடு—"

"நிலத்தை யாரு கேட்டா?"

அவன் திரும்பி டிராக்டரைப் பார்த்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா. நான் இந்த வீட்லதானே இருக்கேன்," என்றாள்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான், எப்படியோ முடிந்திருக்கும். அவள் தொழுவத்துக்குப் போய் ஒரு காலி ஐஸ்கிரீம் வாளியைக் கொண்டுவந்தாள். உழவுச் சாலுக்குள் இறங்கி, மண்கட்டிகளைப் புரட்டிப் புரட்டி, வேரோடு கிடைத்ததை எல்லாம் எடுத்து வைத்தாள். சில பூக்கள் இன்னும் வாடாமல், மண் அப்பிக்கொண்டு இருந்தன. நானும் குனிந்தேன். "வேணாம் டெலோரஸ்," என்றாள். "இந்த மண்ணுல இருக்கற ஏதோ ஒரு பூஞ்சையோட சேர்ந்துதான் இது வாழும். எடுத்து நட்டா வராது. தெரியும் எனக்கு." தெரிந்தும் இருட்டுகிறவரை பொறுக்கினாள்.

மறுநாள் குவாமும் அந்த அம்மாளும் வந்தார்கள். வேண்டாமென்று போன் பண்ணிச் சொல்ல லவோனுக்கு மனசு வரவில்லை. "வந்து பாக்கட்டும். இவரே சொல்லட்டும்," என்றாள். அந்த அம்மாளுக்கு மரியன் ஃபெல்ட் என்று பெயர். நரைத்த பின்னல், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், காரிலிருந்து இறங்கும்போதே சிரித்த முகம். உழுத இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு மெதுவாக வடிந்தது. குவாம் திரும்பி நின்றுகொண்டார்.

"மாட்டுக்குத் தீனி வேணும்," என்றான் ஆர்டெல். வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மாதிரி வேகமாகச் சொன்னான். "வேலி போட்டுட்டா நான் என்ன செய்ய?"

"யாரு வேலி போடறா, மிஸ்டர் லூண்டே?" என்றாள் அவள். "இது உங்க நிலம். புல்லை அறுக்காதேன்னு சொல்ல எனக்கு அதிகாரமும் கிடையாது, நான் அதுக்கு வரவும் இல்ல. சாதாரணமா எப்போ அறுப்பீங்க?"

"ஜூலைக் கடைசி."

"ரொம்ப வருஷமாவா?"

"எங்க தாத்தா காலத்துலேருந்து."

அவள் தலையை ஆட்டினாள். "அதான் இருந்திருக்கு. பூத்து முடிஞ்சு, வேருக்குச் சத்து இறங்கின பிறகு அறுத்திருக்கீங்க. நீங்க அறுக்கறதாலதான் வில்லோப் புதர் மண்டல, மேல நிழல் விழல. இங்கத்தி ஜனங்க எல்லா இடத்தையும் உழுதாங்க, இல்ல சும்மா போட்டாங்க. ரெண்டுலயும் இது செத்துப்போச்சு. இதை வளர்த்தது உங்க குடும்பந்தான். இப்படியே அறுத்துட்டு வாங்கன்னு கேட்டுக்கத்தான் நான் வந்தேன்."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஆர்டெல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நெற்றியில் தொப்பி மறைத்த பாகம் வெள்ளையாக இருந்தது.

"திரும்ப வருமா?" என்று கேட்டான்.

"விதை ஏதாவது தப்பியிருந்தா வரலாம். முளைச்சு முதல் பூ விடறதுக்கே பத்துப் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கும். சொல்ல முடியாது."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே, ஆர்டெல்," என்றார் குவாம். அவ்வளவுதான் சொன்னார்.

ஜானெல் வெளியே வரவே இல்லை. வாளியில் நட்டது ஒரு வாரத்தில் கறுத்துவிட்டது. அவள் அதைத் தொழுவத்துக்குப் பின்னால் கொட்டினாள் என்று லவோன் சொன்னாள். அடுத்த வருஷம் என் பஸ்ஸில் வந்தபோது ஜன்னல் பக்கம் பார்ப்பதை விட்டிருந்தாள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் தாவரவியலுக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்று குவாம் எவ்வளவோ சொன்னார். அவள் ஃபார்கோ நகரத்துக்குப் போய்ப் பல் சுத்தம் செய்கிற வேலைக்குப் படித்தாள். அங்கேயே ஒரு பல் மருத்துவரிடம் சேர்ந்தாள். நவம்பரில் வருகிற நன்றிநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வருவாள், பாத்திரம் கழுவிக் கொடுப்பாள், கிளம்பிவிடுவாள். புல்வெளி பனிக்கடியில் இருக்கிற காலமாகப் பார்த்து வருகிறாளோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. அப்பாவிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல் கிடையாது. ஒரு சொல்லுமே கிடையாது.

ஆர்டெல் தானியக் கிடங்குக்குக் காப்பிக்குப் போவதை நிறுத்தினான். உழுத துண்டில் அதற்குப் பிறகு எதையும் செய்யவில்லை. புல் தானாக மூடிக்கொண்டது, ஆனால் நடந்தால் சால் காலில் தட்டுப்படும். அரசாங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. ஒருநாள் கிளிஃபர்டிடம், "மைரன்மேல கோவம் இல்லப்பா. அவன் எல்லாத்தையும்தான் சொல்லுவான். நான் எதுக்குக் கேட்டேன்?" என்றானாம்.

ஜானெலுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்த பிறகு ஒரு மே மாதம். ஆர்டெல் தானே போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை, லவோன் பேசிவிட்டுக் கொடுத்தால் வாங்கி இரண்டு வார்த்தை பேசுவான். "ஒரு செடி முளைச்சிருக்கு. அதுவான்னு தெரியல. நீ வந்து பாக்கறியா?" என்றான்.

சனிக்கிழமை வந்தாள். குழந்தையை லவோன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். ஆர்டெலுக்கு முழங்கால் வலி வந்து நடை குட்டையாகிவிட்டிருந்தது. முன்னால் நடந்து, எங்கே கால் வைப்பது என்று அவளுக்குக் காட்டிக்கொண்டே போனான். பழைய சாலின் ஓரத்தில் நின்றான். பிறகு இரண்டு கையையும் ஊன்றி ஈரத்தில் மண்டியிட்டான். சுற்றியிருந்த புல்லை விரலால் விலக்கினான்.

"இலை அகலமா இருக்கு பாரு. நரம்பு நீளவாக்குல ஓடுது. தண்டைச் சுத்திப் பிடிச்சிருக்கு. புத்தகத்துல இப்படித்தான் போட்டிருக்கான். இதானேம்மா?"

அவன் எப்போது புத்தகம் வாங்கினான் என்று லவோனுக்கே தெரியாது.

ஜானெல் குனிந்து பார்த்தாள். இலையைத் தொடாமல், வெகுநேரம் பார்த்தாள். காற்று அவள் முடியை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"மறந்துபோச்சுப்பா," என்றாள். "அப்பல்லாம் பாத்ததும் சொல்லுவேன். இப்போ தெரியல. பூக்கட்டும், பாக்கலாம்."

"ஆமா. பூக்கட்டும்," என்றான் அவன் அவசரமாக. "அவசரம் ஒண்ணும் இல்ல." எழுந்திருக்க முடியாமல் தடுமாறினான். அவள் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். திரும்பி வரும்போது அந்தக் கையை விட்டாளா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று முன்னால் நடந்துவிட்டேன்.

ஜூன் ஆரம்பத்தில் அது பூத்தது. ஒரு கொத்தில் பொடிப்பொடியாக வெள்ளை நட்சத்திரங்கள். இங்கே எல்லா ரோட்டோரத்திலும் இருக்கிற செடி. அன்று மத்தியானம் லவோன் என் வீட்டுக்கு வந்து காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு அவளுக்கு போன் பண்ணினாரு," என்றாள். "வெக்கத்தை விட்டுச் சொல்றேன், படுக்கையறையில இருக்கற இன்னொரு போனை எடுத்து ஒட்டுக்கேட்டேன்."

"என்ன பேசினாங்க?"

"'அது இல்லம்மா. வேற பூ'ன்னாரு. அவ, 'அன்னிக்கே தெரியும்ப்பா'ன்னா."

"தெரிஞ்சுதானா?"

"அவரும் அதேதான் கேட்டாரு. 'தெரிஞ்சு ஏன் சொல்லல?'ன்னாரு. 'நீங்க ஈரத்துல மண்டி போட்டு உக்காந்திருந்தீங்கப்பா, எப்படிச் சொல்றது?'ன்னா."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்ல, டெலோரஸ். ரெண்டு பேரும் பேசல. ரெண்டு பேரும் போனை வைக்கவும் இல்ல. நான் எப்படி வைக்கறது, சத்தம் கேட்டுரும்ல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கட்டில்ல உக்காந்திருந்தேன்."